மூன்று ஆண்டில் தொழில்முறை ஓவியர்: இலக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வயது 26. சென்னையில் ஐ.டி. வேலை. அக்ரிலிக், வாட்டர்கலர் இரண்டிலும் வரைகிறேன். நுண்கலைக் கல்லூரியில் படித்ததில்லை. மூன்று ஆண்டுகளில் தொழில்முறை ஓவியராக வேண்டும். எனக்கான இலக்குகளை எப்படி வகுத்துக்கொள்வது?

பதில்:

முதலில் கையிலிருக்கும் நேரத்தை எண்ணுங்கள். இலக்கெல்லாம் அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘அடுத்த வருடம் தனிக் கண்காட்சி’ என்று டைரியில் எழுதிவிட்டு, ஆடி மாதம் வந்ததும் வீட்டில் நான்கு படம்தான் இருக்கிறது என்று தலையில் கைவைத்து உட்காருகிறார்கள்.

வேலைக்குப் போகிறவர் வார நாட்களில் நான்கு நாள் ஒன்றரை மணி நேரமும் ஞாயிறன்று ஆறு மணி நேரமும் ஒதுக்கினால் வாரத்துக்கு 12 மணி. பொங்கல், தீபாவளி, காய்ச்சல், உறவுக்காரர் கல்யாணம் என்று நான்கு வாரம் போய்விடும். மிச்சம் 48 வாரம். அந்த 12 மணியையும் படத்துக்கே கொடுக்க முடியாது. படங்களைப் போட்டோ எடுப்பது, விண்ணப்பம் அனுப்புவது, ஃபிரேம் கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 மணி. கைப்பயிற்சிக்கு 2 மணி. படத்துக்கு என்று நிற்பது 8 மணி, ஆண்டுக்கு 384 மணி.

24க்கு 30 அங்குல அக்ரிலிக் கேன்வாஸ் ஒன்றுக்கு, முன்வரைவுகளையும் சேர்த்து 20 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 19 படம் தொடங்கலாம். ஆரம்ப ஆண்டுகளில் மூன்றில் ஒன்று தேறாது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆக, வெளியே காட்டக்கூடியவை 12 அல்லது 13. அடுத்த மூன்று படங்களுக்குக் கடிகாரம் வைத்துக் குறித்து, உங்கள் எண்ணை இதில் போட்டுக்கொள்ளுங்கள். அநேகமாக நீங்கள் நினைத்திருந்ததைவிட அதிக நேரம்தான் காட்டும்.

இப்போது சுவரை அளப்போம். தனிக் கண்காட்சிக்கு நீங்கள் பார்க்கும் ஹாலில் 80 அடி நீளத்துக்குச் சுவர் இருக்கிறது என்றால், இரண்டரை அடி அகலப் படம், ஒன்றரை அடி இடைவெளி என்று ஒரு படத்துக்கு 4 அடி. 20 படம் வேண்டும். ஆண்டுக்கு 12 என்றால் 20 மாதம். எல்லாப் படத்தையும் தொங்கவிட முடியாது, தேர்ந்தெடுக்கவும் மிச்சம் வேண்டும் என்பதால் இரண்டு வருடம் என்று கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் முதல் தனிக் கண்காட்சி மூன்றாம் ஆண்டுக்கான இலக்கு. முதல் ஆண்டில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விதி வருகிறது. உங்கள் கையால் முடிப்பதை மட்டும் இலக்காக எழுதுங்கள்: எத்தனை மணி, எத்தனை படம், எத்தனை விண்ணப்பம், எத்தனை ஸ்டூடியோவுக்கு நேரில் போய்வந்தோம். பரிசு, விற்பனை, கேலரி அழைப்பு எல்லாம் அடுத்தவர் முடிவுகள். அவற்றைத் தனிப் பக்கத்தில் ‘நடந்தவை’ என்று குறித்துக்கொண்டால் போதும். இன்ஸ்டாகிராம் ஃபாலோயர் எண்ணிக்கையும் அந்தப் பக்கத்தில்தான் சேரும். அதை இலக்காக வைத்தவர்கள் கொஞ்ச நாளில் எந்தப் படம் லைக் வாங்குமோ அதையே திரும்பத் திரும்ப வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கைப்பயிற்சிக்கு ‘நன்றாக வரையக் கற்பது’ என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. எது பலவீனம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கடைசியாக வரைந்த பத்துப் படங்களைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். தாமாகக் கற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பத்துப் படமும் ஒரே நடுத்தரச் சாம்பலாகத் தெரியும். நல்ல இருளும் இல்லை, நல்ல வெளிச்சமும் இல்லை. நிறம் கண்ணைக் கவர்ந்ததால் இவ்வளவு நாள் அது தெரியாமல் இருந்திருக்கும். இதுதான் குறை என்றால் இலக்கு இப்படி இருக்கட்டும்: 4க்கு 6 அங்குலத் தாளில், மூன்றே டோனில் (இருள், நடுத்தரம், வெளிச்சம்), ஒன்றுக்கு 20 நிமிடம் வீதம் 40 சின்னப் படிப்புகள், அதாவது பயிற்சி வரைவுகள். மொத்தம் 13 மணி 20 நிமிடம். வாரம் 2 மணி என்றால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அதே பத்துப் படச் சோதனையைப் புதிய படங்களை வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்த குறை நிறக் கலவை. கடையில் 24 டியூப் செட் வாங்குவது பணத்துக்கும் கைக்கும் நல்லதல்ல. மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் வெப்பமானது ஒன்று, குளிர்ந்தது ஒன்று (சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் வெப்பம், நீலச் சாயல் குளிர்ச்சி) என்று ஆறு டியூப், கூட வெள்ளை. ஆறு நிறத்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 ஜோடி. ஜோடிக்கு ஐந்து படி வைத்து ஓரங்குலக் கட்டங்களாக நிரப்பினால் 75 கட்டம். மூன்று ஞாயிறு பிடிக்கும். அதற்குப் பிறகு ‘அழுக்காகப் போய்விட்டது’ என்ற புலம்பல் பாதியாகக் குறையும், ஏனென்றால் எந்த ஜோடி அழுக்காகும் என்று அட்டவணையே சொல்லிவிடும்.

பொருள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நீங்களே வைத்துக்கொள்ளும் படத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் படத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். டியூபின் மேல் பிக்மென்ட் (நிறம் தரும் பொடி) எண் அச்சடித்திருக்கும். அல்ட்ராமரின் நீலம் என்றால் பிபி 29. அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு டியூபில் பிஆர் 83 என்று இருந்தால் அது வெளிச்சத்தில் வெளிறும் வகை. அந்த இடத்துக்குக் குவினாக்ரிடோன் வகையான பிவி 19 நின்று பிடிக்கும். ஃப்ளோரசன்ட் நிறங்களை விற்கும் படத்தில் தொடாதீர்கள். எண்ணே போடாத டியூப் பயிற்சிக்கு. சந்தேகம் இருந்தால் சென்னை வெயிலே சோதனைச்சாலை: தாளில் ஒவ்வொரு நிறத்தையும் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது எந்த டியூபைத் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அக்ரிலிக் படலம் வெயில் காலத்தில் இளகும். மே மாதத்தில் இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்றின் வண்ணம் மற்றதோடு போய்விடும். பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் குமிழ் வட்டங்கள் படத்தில் பதியும். நடுவில் சிலிக்கோன் பூச்சுள்ள பேக்கிங் தாள் ஒன்று வைத்து, குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்ற வேண்டும். ஐப்பசி மழையில் வார்னிஷ் அடிக்காதீர்கள், ஈரம் சிக்கிப் பால்போல மங்கும். வாட்டர்கலருக்கு 300 ஜி.எஸ்.எம். முழுப் பருத்தித் தாள் வாங்குங்கள். ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுன்ட் அட்டை இடையில் இருக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிய தாளில் கடற்கரை ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். முதல் ஆண்டு இலக்குகளில் ஒன்று இதுதான்: விற்கும் படம் ஒவ்வொன்றிலும் என்ன தாள், என்ன பிக்மென்ட், என்ன வார்னிஷ் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

இப்போது படங்கள். 12 தனித்தனிப் படங்களைவிட ஒரே பொருளைப் பற்றிய 12 படங்கள் உங்களை வேகமாக முன்னே கொண்டுபோகும். கேலரிக்காரர்கள் தேடுவதும் அதைத்தான்: இவர் எதைப் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியை மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் நூறு படங்கள் அளவுக்கு வரைந்தார். பின்னாளில் அவர் வண்ண அரூபங்களுக்கு (உருவமில்லா ஓவியங்களுக்கு) போனார், ஆனாலும் அந்தக் கோடுகள் வாங்கித் தந்த பெயர் அவரோடு நின்றது. உங்கள் பொருளும் வாரா வாரம் நேரில் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம், புறநகர் ரயில் பெட்டி, பாட்டி வீட்டு அடுப்படி, எதுவானாலும் சரி. இமயமலை வேண்டாம், போட்டோவைப் பார்த்துத்தான் வரைய வேண்டியிருக்கும். கட்டுப்பாடுகளையும் முன்பே எழுதிவையுங்கள்: ஒரே அளவு, ஐந்தே நிறம், 12 படம், 12 மாதம். ஐந்தாம் படத்தில் சலிப்பு வரும், பொருளை மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். தெரிந்த தந்திரமெல்லாம் தீர்ந்துபோகும் இடம் அது. அதற்கப்புறம்தான் படங்களில் ஏதாவது நடக்கும்.

‘எனக்கென்று ஒரு பாணி’ என்பதை மட்டும் இலக்கில் எழுதாதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது 1911-இல். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் தொடங்கியது 1963 வாக்கில், ஐம்பது வயதைத் தாண்டி. பாணிக்குத் தேதி குறிப்பதில் அர்த்தமில்லை.

பணம். இங்கேதான் மூன்றாண்டுத் திட்டங்கள் பல உடைகின்றன, அதனால் எண்களோடு பார்ப்போம். புதியவர்களுக்கு ஒழுங்கான விலைமுறை சதுர அங்குலக் கணக்கு. சதுர அங்குலத்துக்கு 12 ரூபாய் என்று வைத்தால் 16க்கு 20 படம் ரூ. 3,840, 24க்கு 30 படம் ரூ. 8,640, 36க்கு 48 படம் ரூ. 20,736. சின்னப் படத்துக்கு இந்த முறை அடிமாட்டு விலை காட்டும், அதனால் அதற்கு மட்டும் விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். கேலரி 30 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். 40 என்று கொண்டால் 8,640-இல் உங்கள் கைக்கு வருவது 5,184. கேன்வாஸ், வண்ணம், ஃபிரேம், ஆட்டோ என்று 2,500 போனால் மிச்சம் 2,684. இருபது மணி நேர வேலைக்கு மணிக்கு ரூ. 134.

வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. அதை இந்த 2,684-களால் நிரப்ப ஏறக்குறைய 134 படம் விற்க வேண்டும். நீங்கள் வரையப்போவது 12. மனசைத் தளர்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கேன்வாஸ் விற்றே வாழ்வது என்பது மூன்றாம் ஆண்டு இலக்காக இருக்க முடியாது என்று எண்ணே காட்டுகிறது, அவ்வளவுதான். வேறு வருமானம் வேண்டும், அது கையின் தேர்ச்சியிலிருந்தே வருவது நல்லது.

1966-இல் பணிக்கரின் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியபோது அந்த ஓவியர்கள் செய்ததும் இதைத்தான். பாத்திக் (மெழுகு பூசித் துணியில் சாயமிடுவது), மரம், உலோகம், மண் என்று கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியமும் சிற்பமும் விற்பனைக்காக வளைய வேண்டியதில்லாமல் நின்றது. உங்கள் காலத்துப் பாத்திக் எது என்று யோசியுங்கள்: சனிக்கிழமை வகுப்பு, போர்ட்ரெய்ட் ஆர்டர், புத்தக அட்டை, உணவகச் சுவர் ஓவியம். இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் படம் வரையும் 8 மணி காணாமல் போகும். உங்கள் வரிசைப் படங்களின் பாணியில் ஆர்டர் வேலை செய்யாமல் இருப்பதும் நல்லது. இரண்டும் கலந்தால் வாங்குகிறவர்கள் வரிசையையும் ஆர்டர் விலைக்கே கேட்பார்கள்.

வேலையை எப்போது விடுவது என்று கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொள்ளுங்கள். 12 மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் ஓவியமும் அதைச் சார்ந்த வேலையும் செலவில் பாதியையாவது ஈட்டியிருக்க வேண்டும். அந்த வருமானம் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு மாமா ஐந்து படம் வாங்கியது சந்தை ஆகாது. மூன்றும் கூடிவரும்வரை சம்பளம் வரட்டும். வேலையில் இருந்துகொண்டே நல்ல ஓவியராக இருப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

ஸ்டூடியோவில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று வைக்காதீர்கள். தெரிந்துவிடும், கேலரி அடுத்த முறை கூப்பிடாது. விலையை ஆண்டுக்கு ஒரு முறை 10 சதவீதம் போல ஏற்றலாம். இறக்கக் கூடாது, ஏற்கெனவே வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார்.

ஆர்டர் வேலைக்குப் பாதிப் பணம் முன்பணம். திருத்தம் ஸ்கெட்ச் நிலையில் இரண்டு முறை மட்டும், வண்ணம் தொட்டபின் இல்லை. இதை எழுத்தில் வாங்குங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று: சாதாரணமாக நீங்கள் வரைந்து விற்ற படத்தின் பதிப்புரிமை, எழுதிக் கொடுத்தாலொழிய உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கோ போர்ட்ரெய்ட்டுக்கோ, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். பின்னால் அதை அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் ‘பதிப்புரிமை ஓவியருக்கே’ என்று ரசீதிலேயே ஒரு வரி சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். அதே சட்டத்தின் 53அ பிரிவு, மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியருக்கும் பங்கு உண்டு என்கிறது. அந்தப் பங்குக்கு உச்சவரம்பு 10 சதவீதம். படம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாவிட்டால் எதையும் கேட்க முடியாது. அதற்காகவே முதல் படத்திலிருந்து ஒரு பதிவேடு வேண்டும்: எண், தலைப்பு, உயரம், அகலம், ஊடகம், முடித்த தேதி, விலை, இப்போது இருக்கும் இடம், வாங்கியவர். கேலரியில் கொடுத்துவைக்கும் படங்களுக்கும் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே போவதற்கான இலக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 12 விண்ணப்பம். லலித் கலா அகாதெமியின் தேசியக் கலைக் கண்காட்சி, மாநில அளவில் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் போட்டிகள், தனியார் கேலரிகளின் குரூப் ஷோ (பலர் சேர்ந்து வைக்கும் கண்காட்சி) அழைப்புகள் என்று பட்டியல் போட்டால் 12 கிடைக்கும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். 25 முதல் 40 வயதுக்கான ஜூனியர் ஃபெல்லோஷிப் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுக்கான திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். வரிசைப் படங்களை ஏற்கெனவே தொடங்கியிருப்பவருக்கு அதை எழுதுவது சுலபம்.

விண்ணப்பங்கள் தள்ளப்படுவதற்குப் படம் சரியில்லாததுதான் எப்போதும் காரணம் என்று நினைக்க வேண்டாம். சாய்வாக எடுத்த போட்டோ, கண்ணாடியில் தெரியும் டியூப்லைட், அனுமதித்த அளவைத் தாண்டிய கேன்வாஸ், ஒன்றோடொன்று ஒட்டாத பத்துப் படங்கள், இவையே அதிகம். போட்டோவை ஃபிரேமுக்கு முன்பே எடுங்கள். மொட்டைமாடி நிழலில், காலை பத்து மணி வாக்கில், படத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, கேமராவைப் படத்தின் மையத்துக்கு நேராக வைத்து எடுத்தால் போதும். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்யலாம். கண்காட்சியில் தொங்கவிடும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் வரட்டும். நம் ஊரில் பாதிக் கண்காட்சிகளில் படங்கள் சாமி படம்போல எட்டாத உயரத்தில் தொங்குகின்றன.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் இப்படி வரும். முதல் ஆண்டு: டோன் படிப்பு 40, நிற அட்டவணை, ஒரே பொருளில் 12 படம், பதிவேடு, ஒரு குரூப் ஷோ வாய்ப்புக்காவது முயற்சி. இரண்டாம் ஆண்டு: இன்னொரு 12 படம், 12 விண்ணப்பம், பக்க வருமானம் இரண்டு, ஹால் விசாரணை. நல்ல ஹால்களைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுவார்கள், அதனால் இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே கேட்டுவைப்பது நல்லது. மூன்றாம் ஆண்டு: 24-இலிருந்து 20 தேர்வு, ஃபிரேம், தனிக் கண்காட்சி, வேலை பற்றிய முடிவு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பின்தங்கியிருந்தால் இலக்கைத் திட்டாமல் மணியைப் பாருங்கள்: வாரம் 12 என்று எழுதி 7தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், 12 படத்தை 7 ஆக வெட்டிவிட்டுக் கண்காட்சித் தேதியைத் தள்ளுங்கள். மணி சரியாக இருந்தும் படம் தேறவில்லை என்றால் கைப்பயிற்சியின் 2 மணியை 4 ஆக்கி, விண்ணப்பம், ஃபிரேம் கடை போன்ற வெளிவேலைகளை ஒரு காலாண்டு நிறுத்துங்கள். படங்களும் இருக்கின்றன, விற்பனை மட்டும் இல்லை என்றால் விலையைத் தொட வேண்டாம். இதுவரை எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியிருக்காது.